சதுரம் கலந்த பால்

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்குப் பெயர் சதுரம். வருகைப் பதிவேட்டில் வேறொரு பெயர் இருந்தது. யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே இரண்டு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார். காரட், பீட்ரூட், நூல்கோல், எதைக் கையில் கொடுத்தாலும் பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று சதுரம் சதுரமாக வெட்டித் தள்ளுவார். சேர்ந்த புதிதில் அவர் வெட்டிய துண்டுகளை ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தார்கள். கொஞ்ச நாள் போனதும், ஸ்கேல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவர் வெட்டிய துண்டைக் கேட்டார்கள்.

அதற்கு முன்னால் ஒன்பது வருடம் ஒரு பெரிய ஓட்டலின் சமையலறை மூலையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர். அங்கே அவரை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அவரும் கண்ணில் நீர் முட்டாமல் யாரையும் பார்த்ததில்லை. பேப்பரில் விளம்பரம் பார்த்து, வந்தால் வரட்டும் என்று எழுதிப்போட்டு, கத்தியும் கையுமாக நேர்முகத் தேர்வுக்குப் போனார். "கத்தி எதுக்குங்க?" என்று ஆராய்ச்சிக்குத் தலைவியான மேடம் கேட்டதற்கு, "எனக்குப் பேச வராதுங்க மேடம். வெட்டிக் காட்டுறேன்" என்றாராம். வேலை கிடைத்துவிட்டது.

என்ன வேலை என்கிறீர்களா? பிள்ளைகள் காய்கறியைக் கண்டால் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், எப்படிக் கொடுத்தால் தின்பார்கள் என்று கண்டுபிடிக்கிற வேலை. படித்தவர்களுக்கு இப்படியும் ஒரு பிழைப்பு. சுவரோரமாகத் தபாலாபீஸ் கவுண்டர் மாதிரி வரிசையாகத் தடுப்புகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நாற்காலி, ஒரு சின்னக் கதவு, ஒரு சிவப்பு விளக்கு. அந்த வெளிச்சத்தில் பச்சை எது, ஆரஞ்சு எது என்று கண்ணுக்குத் தெரியாது; நாக்கும் மூக்கும்தான் வேலை செய்ய வேண்டும். ருசி பார்த்துப் பழகிய பன்னிரண்டு பெரியவர்கள் உள்ளே வந்து உட்காருவார்கள். சதுரம் சமையலறைப் பக்கமிருந்து சின்னக் கதவைத் திறந்து ஆளுக்கு மூன்று கப் வைப்பார். இரண்டு கப்பில் இருப்பது ஒன்றேதான். ஒரு கப்பில் மட்டும் வேறு. எது வேறு என்று அவர்கள் சொல்ல வேண்டும்.

எந்த கப் எத்தனை டிகிரியில் உள்ளே போக வேண்டும் என்று சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அந்தத் தாள்தான் சதுரத்துக்கு வேதம். தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்து, தாளில் உள்ளபடி இருந்தால்தான் கதவைத் திறப்பார். மேடமே வந்து அவசரப்படுத்தினாலும் ஆள் அசைய மாட்டார்.

செவ்வாய்க்கிழமைகளில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வருவார்கள். அன்றைக்குச் சிவப்பு விளக்கு கிடையாது. என்ன காய் என்று சொல்லி, தொட்டுப் பார்க்க விட்டு, மோந்து பார்க்க விட்டு, அப்புறம் ஒரே ஒரு சதுரத் துண்டு. பிடித்தால் சிரிக்கிற முகத்தில் ஸ்டிக்கர் ஒட்டலாம்; பிடிக்காவிட்டால் அழுகிற முகத்தில் ஒட்டலாம்; துப்புவதற்கும் கிண்ணம் உண்டு. கெஞ்சக் கூடாது, மிரட்டக் கூடாது, ஒன்றுக்குள் ஒன்றை ஒளித்து ஏமாற்றக் கூடாது. இதுதான் மேடத்தின் சட்டம். முதல் வாரம் துப்பிய பிள்ளை எட்டாவது வாரம் இன்னொரு துண்டு கேட்டுக் கையை நீட்டும். சதுரம் அதைத் தன் கண்ணால் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். பார்த்த அன்றெல்லாம் வீட்டுக்கு மெதுவாக நடந்தே போவார்.

வீட்டில் ஒரே பெண். ஆறு வயது. முன்பல் இரண்டும் கொஞ்சம் தூக்கலாக இருந்ததால் அப்பா ஆசையாகக் கூப்பிட ஆரம்பித்த பெயர் முயல். பெயர் வைத்த நேரமோ என்னவோ, காரட்டைக் கண்டால் அறையை விட்டே ஓடிவிடுவாள். காரட்டை மட்டும் சொல்லி என்ன? நிறமுள்ள எதுவும் அவள் வாய்க்குள் போகாது. வேகவைத்துத் தோலுரித்த உருளைக்கிழங்கு, ஓரம் வெட்டிய ரொட்டி, பால். அவ்வளவுதான் அவளுடைய உலகம். உருளைக்கிழங்கில் ஒரு கரும்புள்ளி இருந்தால் அன்றைக்கு உருளைக்கிழங்கும் கிடையாது. பால் மட்டும் தப்பாமல் இறங்கும். காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர், ஆவி பறக்கப் பறக்க. டம்ளரைக் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு குடிப்பாள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரு நாளில் மூச்சு விடுகிற நேரம் அந்த இரண்டு டம்ளர்தான்.

குளிப்பாட்டும்போது விலா எலும்பை எண்ணலாம். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். சத்து மருந்து தொண்டையைத் தாண்டுவதற்குள் திரும்பி வந்துவிடும். டாக்டர் நல்ல மனிதர்தான். ஆனால் தராசைப் பார்த்தபடியே பேசுவார். "பதினாலு கிலோ இருநூறு கிராம். அடுத்த மாசம் இதே தேதிக்குக் கூட்டிட்டு வாங்க. பதினாலுக்குக் கீழ போயிருந்தா வார்டுல சேர்த்துடணும். மூக்கு வழியா குழாய் வெச்சுத்தான் சாப்பாடு."

அம்மா ஒரு தையல் கூடத்தில் பள்ளிச் சீருடை தைக்கிறவள். ஆறு வயதுப் பிள்ளைகளுக்கான அளவு அவளுக்கு மனப்பாடம். தன் பெண்ணுக்கு நாலு வயது அளவே தொளதொளவென்று இருப்பதை அவள் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. சதுரமும் ஆராய்ச்சிக்கூடத்தில் மூச்சு விடவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் காய்கறி தின்னப் பழக்குகிற இடத்தில் வேலை பார்த்துக்கொண்டு, என் பெண் பட்டாணியைக் கண்டால் அழுகிறாள் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? "அண்ணே, உங்க பொண்ணு குடுத்து வெச்சவ, தினம் கேக் மாதிரி வெட்டிக் குடுப்பீங்கள்ல" என்று கூட வேலை பார்க்கிறவர்கள் கேலி செய்தால், "ஆமாமா" என்று சிரித்து வைப்பார்.

அந்த மாதம் முதலில் நேர்வழியில்தான் போனார். ஆராய்ச்சிக்கூடத்தில் செய்கிற மாதிரியே, தட்டின் ஓரத்தில் ஒரு காரட் துண்டு. ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் நாள் முயல் தட்டை எடுத்துக்கொண்டு அறையின் மறுகோடிக்குப் போனாள். ஐந்தாம் நாள் அதே மேஜையில் உட்கார்ந்தாள். பத்தாம் நாள் துண்டை ஒற்றை விரலால் உருட்டிப் பார்த்தாள். கூடமாக இருந்திருந்தால் மேடம் இதற்கே துள்ளிக் குதித்திருப்பார். ஆனால் மேடத்துக்கு எட்டு வாரம் உண்டு. சதுரத்துக்கு மீதி இருந்தது பதினெட்டு நாள். பதினோராம் நாள் அவரால் முடியவில்லை. மண்டி போட்டு, "ஒரே ஒரு தடவ கண்ணு. அப்பாவுக்காக. கால்ல வேணா விழறேன்" என்று துண்டை அவள் உதட்டருகே கொண்டுபோனார். அவள் உருளைக்கிழங்கையும் சேர்த்து வாந்தி எடுத்தாள். பத்து நாள் உழைப்பு ஒரு நிமிடத்தில் மண்ணாய்ப் போயிற்று.

மறுநாள் காய் வெட்டிக்கொண்டிருக்கும்போது கண்ணில் பட்டது காலிஃபிளவர். வெள்ளை. பால் மாதிரி வெள்ளை.

இவ்வளவு காலம் இது எப்படித் தோன்றாமல் போனது என்று அவருக்கே ஆச்சரியம். வேகவைத்து, வெண்ணெய் மாதிரி அரைத்து, மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்டினார். ஒரு கப் பாலுக்கு ஒரு தேக்கரண்டி. தானே குடித்துப் பார்த்தார், தெரியவில்லை. ஆனால் அவர் சதுரம் அல்லவா? தன் நாக்கை மட்டும் நம்பிப் பெண்ணுக்குக் கொடுப்பாரா? அன்றைக்கு மதியம் ருசி பார்க்கிற பன்னிரண்டு பேரும் வழக்கமான வேலையை முடித்துக் கிளம்பும்போது, "பழக்கத்துக்கு இன்னொரு செட் இருக்கு, பாத்துட்டுப் போயிடுங்க" என்று உட்கார வைத்தார். மேடத்துக்குத் தெரியாமல் அவர் செய்த முதல் காரியம் அது. ஆனாலும் முறை தவறவில்லை. மூன்று மூன்று கப், எண், தெர்மாமீட்டர், தாளில் பாலுக்கு எழுதியிருந்தபடி கச்சிதமாகப் பத்து டிகிரி.

பன்னிரண்டு பேரில் நாலு பேர் சரியாகச் சொன்னார்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒருவர் சொல்வது சரியாக வரும். அந்தக் கணக்கில் அது நாலு பேர்தான். அதாவது, பழகிய நாக்கு ஒன்றுக்குக்கூடக் கலந்தது தெரியவில்லை. சதுரம் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதார். சந்தோஷத்தில்தான்.

மறுநாள் காலை. அம்மா விடிந்ததும் தையல் கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள். சதுரம் பாலைக் காய்ச்சினார், தேக்கரண்டியால் அளந்து கலந்தார், ஆற்றினார், ஆவி பறக்க டம்ளரைக் கொண்டுவந்து வைத்தார். முயல் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்தாள். கண்ணை மூடினாள். திறந்தாள்.

"அப்பா, இதுல என்ன?"

"பால்தான் கண்ணு."

"இல்ல. என்னமோ இருக்கு."

"ஒண்ணும் இல்லடா செல்லம். எப்பவும் குடிக்கிற பால்தான்."

"சத்தியமா?"

இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். டம்ளரை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் கொட்டிவிட்டு வேறு பால் காய்ச்சியிருக்கலாம். ஆனால் பன்னிரண்டு நாக்கு அவர் பக்கம் இருந்தது. "சத்தியமா" என்றார். அவள் இன்னும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால், அவள் தலையில் கையை வைத்து, "சத்தியமா, வெறும் பால்" என்றார்.

முயல் அவர் பேச்சை நம்பினாள். ஒரு பெரிய வாயாகக் குடித்தாள். அடுத்த நொடி மூக்காலும் வாயாலும் வந்தது. இருமி, மூச்சு முட்டி, கண் இரண்டும் சிவந்து, சட்டையெல்லாம் பாலாக நின்றவளைத் தூக்கிக் கழுவிவிட்டு, மீதி இருந்த டம்ளரைக் கையில் எடுத்தார் சதுரம். எடுத்த உடனே மூக்கில் அடித்தது. சூடு ஏறிய பாலின் ஆவியோடு, வெந்த காலிஃபிளவரின் அழுகல் நாற்றம். பத்து டிகிரியில் செத்த மாதிரி அடங்கிக் கிடந்தது, ஆவி பறக்கும்போது எழுந்து உட்கார்ந்துகொண்டது. சூட்டில் வாசனை எழும் என்பது அந்தக் கூடத்தில் தரை துடைக்கிறவருக்குக்கூடத் தெரியும். தினம் தெர்மாமீட்டரும் கையுமாக நிற்கிற ஆள், தாளில் பத்து என்று போட்டிருந்ததால் பத்தில் சோதித்தார். பெண் பாலை எப்படிக் குடிப்பாள் என்பதை யோசிக்க மறந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அம்மா பால் கொடுத்தபோது முயல் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். மறுநாளும் அப்படியே. ரொட்டி கடித்தாள், கிழங்கு கொறித்தாள், பாலை மட்டும் தொடவில்லை. அம்மா பாக்கெட்டை மோந்து பார்த்தாள், கெட்டுப்போன பால் போலிருக்கிறது என்று கடையை மாற்றினாள், பழைய கடைக்காரம்மாவிடம் போய், "பிள்ளைங்க குடிக்கிற பாலுங்க, மனசாட்சி வேணாமா உங்களுக்கு?" என்று தெருவே கேட்கச் சண்டை போட்டாள். பாவம், அந்தக் கடைக்காரம்மா என்ன செய்தாள்? சதுரம் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார், பையைப் பிடித்துக்கொண்டு. வாயைத் திறக்கவில்லை. இங்கேதான் எனக்கு அந்த ஆள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. கலந்தது பயத்தில், அதை மன்னிக்கலாம். நாலு நாள் வாயை மூடிக்கொண்டு பெண்டாட்டியை அலையவிட்டதை என்னவென்று சொல்வது?

ஐந்தாம் நாள் அம்மா டம்ளரை வைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என்னங்க, நான் என்ன பாவம் பண்ணேன்? என் கையால குடுக்கிறத அவ வாயில வைக்க மாட்டேங்கறாளே!"

அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டார். காலிஃபிளவர், வடிகட்டியது, பன்னிரண்டு பேர், சத்தியம், எல்லாம்.

அம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. "அவ சாப்பிடுறதே மூணு. அதுல உருப்படியா உள்ள போறது ஒண்ணே ஒண்ணு. அதுலயா கை வெச்சீங்க?" என்றாள், மெதுவாக. பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு பால் கடைக்குப் போனாள், அந்தக் கடைக்காரம்மாவிடம் மன்னிப்புக் கேட்க.

சதுரம் மறுநாள் மேடத்தின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். கேட்டதும் மேடத்தின் வாயில் முதலில் வந்தது, "எத்தன டிகிரி?" படித்த புத்தி. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். பன்னிரண்டு பேரை ஏமாற்றி உட்கார வைத்ததற்கு அவர் திட்டுவார் என்று சதுரம் காத்திருந்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மொதல்லயே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"வெக்கமா இருந்துதுங்க மேடம்."

"பால் ருசி பிடிக்காம போயிருந்தா திரும்பப் பழக்கலாம். எத்தனையோ பேருக்குப் பண்ணியிருக்கோம். ஆனா நீங்க சத்தியம் பண்ணியிருக்கீங்க. இதுக்கு எங்கிட்ட முறை எதுவும் இல்லைங்க. மொதல்ல போய் அவகிட்ட உண்மையச் சொல்லுங்க."

அன்று வெயில் தாழ்வதற்குள் வீட்டுக்கு வந்து, முயலுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். வெட்டித் தள்ளுகிற கை இரண்டும் மடியில் சும்மா கிடந்தன.

"கண்ணு, அன்னைக்கு அப்பா பால்ல காலிஃபிளவர் கலந்தேன். இல்லன்னு பொய் சொன்னேன். தப்பு பண்ணிட்டேன்."

"தெரியும்" என்றாள் முயல்.

"எப்படித் தெரியும்?"

"மூக்குல தெரிஞ்சுது. நீ சத்தியம் பண்ணியா, அதான் என் மூக்குதான் தப்புன்னு நெனச்சேன்."

சதுரம் எழுந்தார். அவளைத் தூக்கிச் சமையலறை மேடையில் உட்கார வைத்தார். அவள் கண்ணெதிரே பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துக் காட்டினார். பாக்கெட்டை அவள் கையாலேயே வெட்டச் சொன்னார். பால் பொங்கும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டம்ளரில் ஊற்றியதும் அவளே எடுத்தாள், கன்னத்தில் வைத்தாள், மோந்தாள். உதடு வரைக்கும் கொண்டுபோனாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. "நல்ல பால்தான்ப்பா. ஆனா வேணாம்" என்றாள். அவருக்குச் சமாதானம் சொல்கிற மாதிரி இருந்தது.

தேதி வந்தது. தராசு பதிமூன்று கிலோ நானூறு என்று காட்டியது. சதுரம் அந்த எண்ணையே வெறித்துக்கொண்டு நின்றார். "வார்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார் டாக்டர், இந்தத் தடவை தராசைப் பார்க்காமல்.

குழாய் வைக்கும்போது கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்றார்கள். அம்மா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். சதுரம் பிடித்தார். இரண்டு மணிக்கட்டும் அவருடைய ஒரு கைக்குள் அடங்கின. குழாய் மூக்கில் நுழைந்து தொண்டையில் இறங்கும்வரை முயல் உடம்பை முறுக்கினாள், கத்தினாள், அம்மாவைக் கூப்பிட்டாள், டாக்டரைக்கூடக் கூப்பிட்டாள். பிடித்துக்கொண்டிருந்தவரை மட்டும் கூப்பிடவில்லை. முடிந்ததும் கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டினார்கள். அவள் விசும்பி விசும்பி ஓய்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து, வெளிர் நிறத்தில் ஏதோ நிரம்பிய பை ஒன்றைக் கட்டில் பக்கத்துக் கம்பியில் மாட்டினாள். குழாயோடு இணைத்தாள். முயல் தலையைத் தூக்கிப் பையைப் பார்த்தாள். இது நாக்கில் படாது, மூக்குக்கும் தெரியாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளுக்கே புரிந்திருக்க வேண்டும்.

"அக்கா, இதுல என்ன இருக்கு?"

"பால் மாதிரிதான் கண்ணு" என்று சதுரம் முந்திக்கொண்டு சொன்னார். "வேற ஒண்ணும் இல்ல."

முயல் அவர் பக்கம் திரும்பவில்லை. "அக்கா, நீங்க சொல்லுங்க."

நர்ஸ் சிரித்தாள். "அதான் அப்பா சொல்றாரே."

முயல் நர்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். நர்ஸுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு தடவை சதுரத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பையைத் தன் பக்கம் திருப்பி, அதன்மேல் பொடி எழுத்தில் அச்சடித்திருந்ததை ஒவ்வொன்றாக வாசித்தாள். தண்ணீர், பால் சத்து, எண்ணெய், சர்க்கரை, உப்பு. அப்பா கட்டிலின் கால்மாட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி வரி வரைக்கும் கேட்டு முடித்த பிறகுதான் முயல் "சரி" என்றாள்.